பிஃபிடஸ் ரெகுலாரிஸ்: ஒரு தயிர்க் கிண்ணத்தின் லேபிள் வழக்கு

2006 முதல் அமெரிக்கச் சூப்பர் மார்க்கெட்டுகளின் குளிர்பெட்டிகளில் அடுக்கப்பட்ட பச்சை நிறத் தயிர்க் கிண்ணங்களோடு ஒரு பாக்டீரியாவின் பெயரும் வீடுகளுக்குள் நுழைந்தது: பிஃபிடஸ் ரெகுலாரிஸ். கேட்டவுடன் லத்தீன் வாடை அடிக்கும் பெயர். ஆனால் நுண்ணுயிரியல் நூல் எதைப் புரட்டினாலும் அந்தப் பெயரில் ஓர் உயிர் கிடைக்காது. டானன் நிறுவனம் தன் 'ஆக்டிவியா' தயிருக்காகச் சூட்டிக்கொண்ட வணிகப் பெயர் அது. மலச்சிக்கல் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் அமெரிக்கர்கள் 'ரெகுலர்' என்பார்கள். நம் வீட்டுப் பாட்டிகள் 'வயிறு சுத்தமாக இருக்கிறதா' என்று கேட்பது போன்ற நாசூக்கு. அந்தச் சொல்லுக்கு 'இஸ்' என்று ஒரு வால் ஒட்டியதும் அது அறிவியல் ஆகிவிட்டது.

கிண்ணத்துக்குள் இருந்த உயிர் உண்மையானதுதான். அதன் முழுப் பெயர் பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ், உட்பிரிவு லாக்டிஸ், அடையாள எண் டிஎன்-173 010. இதை யார் வாயால் சொல்வது, யார் நினைவில் வைத்துக்கொள்வது? அதனால் நாட்டுக்கு நாடு வேறு வேறு செல்லப் பெயர் வைத்தார்கள். கனடாவில் 'பி.எல். ரெகுலாரிஸ்', ஐரோப்பாவின் பல நாடுகளில் 'ஆக்டிரெகுலாரிஸ்'. கனடாக்காரரும் பிரெஞ்சுக்காரரும் தங்கள் கிண்ணங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு உயிர் என்றுதான் நினைப்பார்கள்.

உடலுக்கு நன்மை செய்யும் என்று உயிருள்ள நுண்ணுயிர் சேர்த்து விற்கும் உணவுக்குப் புரோபயாட்டிக் உணவு என்று பெயர். அதன் லேபிளில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்று உலகம் இருபது ஆண்டுகளாகச் சண்டை போட்டுவருகிறது. அந்தச் சண்டையில் எழுந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரு கிண்ணத்தின் மீதே எழுந்துவிட்டன. ஆகவே அதையே எடுத்துக்கொள்கிறேன்.

மருந்துக்கடையில் பிறந்த தயிர்

தயிருக்கும் மருத்துவத்துக்கும் இடையே உள்ள கோட்டை அழித்தது டானன் அல்ல. அந்தக் கோடு அங்கே தொடக்கத்திலிருந்தே மங்கலாகத்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இல்யா மெச்னிகோவ், பல்கேரியக் கிராமத்தார் புளித்த பாலை உண்டு நெடுநாள் வாழ்கிறார்கள் என்று நம்பி, குடலில் நடக்கும் அழுகலைத் தயிர்ப் பாக்டீரியாக்கள் தடுக்கும் என்று எழுதினார். அவருக்கு 1908இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வுக்குத்தான், தயிருக்கு அல்ல. ஆனால் பரிசு பெற்றவர் சொன்னால் தயிரும் உயர்ந்துவிடுகிறது.

1919இல் பார்சிலோனாவில் ஐசக் கராசோ தயிர் செய்து விற்கத் தொடங்கியபோது முதலில் விற்றது மருந்துக்கடைகள் வழியாகத்தான். தன் மகன் டேனியலின் செல்லப் பெயரைத் தயிருக்கு வைத்தார்: டனோன். அந்த மகனே 1942இல் நியூயார்க்கில் கடை விரித்தபோது அமெரிக்க நாக்குக்கு ஏற்ப அது டானன் ஆயிற்று. பெயர் மாற்றுவது அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்டிவியாவே பெயர் மாறிய தயிர்தான். பிரான்சில் 1987இல் அது 'பியோ' என்ற பெயரில் வந்தது. ஐரோப்பியச் சட்டப்படி அந்தச் சொல் இயற்கை வேளாண்மையில் விளைந்த பொருளுக்கு மட்டுமே உரியது என்றானதும், 2006இல் பிரான்சிலும் அதற்கு ஆக்டிவியா என்று பெயர் வைக்க வேண்டியதாயிற்று. ஒரு லேபிள் விதி ஒரு தயிரின் பெயரையே பறித்துக்கொண்டது. அதே ஆண்டில்தான் ஆக்டிவியா அமெரிக்கச் சந்தையில் கால் வைத்தது.

இரண்டு வாரத்தில்

விளம்பரத்தில் நடிகை ஜேமி லீ கர்ட்டிஸ் சோபாவில் அமர்ந்து, பக்கத்து வீட்டு அக்காள் போலப் பேசினார். அவசர வாழ்க்கை, கண்ட நேரத்தில் சாப்பாடு, அதனால் வயிறு ஒத்துழைக்க மறுக்கிறது. ஆக்டிவியா தினமும் சாப்பிட்டால் இரண்டு வாரத்தில் சரியாகும், மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது. திரையில் ஒரு பெண்ணின் வயிற்றின் மீது அம்புக்குறி கீழ்நோக்கி இறங்கும். சொல்ல வேண்டியதை அம்புக்குறி சொல்லிவிடும். நடிகை வாயால் சொல்லத் தேவையில்லை.

கூடவே 'டான்ஆக்டிவ்' என்ற சிறு பாட்டில் பானமும் வந்தது. ஐரோப்பாவில் 'ஆக்டிமெல்' என்று அறியப்படுவது. அதில் இருந்தது லாக்டோபாசில்லஸ் கேசி, டிஎன்-114 001. அதற்குச் சூட்டிய பெயர் 'எல். கேசி இம்யூனிட்டாஸ்'. முதல் தயிரின் பெயர் மலத்தைப் பற்றியது என்றால், இரண்டாவதன் பெயர் நோய் எதிர்ப்பைப் பற்றியது. பாக்டீரியாவின் பெயருக்குள்ளேயே பலனை ஒளித்துவைப்பது சாதாரணச் சாமர்த்தியம் அல்ல. 'நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும்' என்று லேபிளில் எழுதினால் அதிகாரிகள் சான்று கேட்பார்கள். ஓர் உயிரின் பெயரை எழுதினால், பெயர்தானே என்று விட்டுவிடக்கூடும்.

விடவில்லை. 2008 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நுகர்வோர் சார்பில் ஒரு கூட்டு வழக்கு தொடரப்பட்டது. நிரூபிக்கப்பட்டது என்று சொல்லும் பலனை நிறுவனத்தின் சொந்த ஆய்வுகளே தாங்கவில்லை, அந்தப் பொய்ப் பலனைக் காட்டி மற்றத் தயிரைவிடச் சுமார் 30 சதவீதம் கூடுதல் விலை வாங்குகிறார்கள் என்பது மனுவின் சாரம். டானன் மறுத்தது, கடைசிவரை தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் 2009 செப்டம்பரில் சமரசத்துக்கு வந்தது. தயிர் வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க 3.5 கோடி டாலர் ஒதுக்கியது. ஒருவருக்கு அதிகபட்சம் 100 டாலர்.

பணத்தைவிட எனக்குச் சுவையாகப் படுவது லேபிளில் மாற ஒப்புக்கொண்ட சொற்கள். 'மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்பது போய் 'மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன' என்று வர வேண்டும். டான்ஆக்டிவிலிருந்து 'நோய் எதிர்ப்பாற்றல்' என்ற சொல் நீங்கி, 'உங்கள் செரிமானப் பாதையின் நோய் எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்புகொள்கிறது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வர வேண்டும். செல்லப் பெயருக்குப் பக்கத்தில் பாக்டீரியாவின் அறிவியல் பெயரும் இருக்க வேண்டும். 'தொடர்புகொள்கிறது' என்பதை ஒருமுறை மெல்ல வாசித்துப் பாருங்கள். சாப்பிட்ட மிளகாயும் செரிமானப் பாதையோடு தொடர்புகொள்ளத்தான் செய்கிறது. வக்கீல்கள் எழுதிய வாக்கியத்தில் பொய் இருக்காது, பொருளும் இருக்காது.

மூன்று கிண்ணம்

உண்மையான அடி அடுத்த ஆண்டு விழுந்தது. அமெரிக்காவில் உணவு லேபிளைப் பார்ப்பது உணவு மற்றும் மருந்து நிர்வாகம். விளம்பரத்தைப் பார்ப்பது கூட்டாட்சி வர்த்தக ஆணையம். புரோபயாட்டிக் விளம்பரத்தின் மீது வர்த்தக ஆணையம் முதன்முதலாகக் கை வைத்தது 2010 ஜூலையில், நெஸ்லேயின் குழந்தைகள் சத்துப் பானம் ஒன்றின் மீது. உறிஞ்சுகுழலுக்குள் பாக்டீரியாவை அடைத்து, சளி, இருமல் வராது என்ற எண்ணம் எழும்படி விளம்பரம் செய்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து, டிசம்பர் 15 அன்று, டானன் மீதான நடவடிக்கையை ஆணையம் அறிவித்தது. 39 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு டானன் 2.1 கோடி டாலர் செலுத்த வேண்டும். இப்படிப்பட்ட விளம்பரங்களே நுகர்வோருக்கு அஜீரணத்தை உண்டாக்கப் போதுமானவை என்று ஆணையத்தின் தலைவர் ஜான் லீபோவிட்ஸ் கேலி செய்தார்.

உத்தரவில் இரண்டு கூறுகள் முக்கியமானவை. முதலாவது, சளி, ஃபுளூ ஆகியவை வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று எந்தத் தயிரையும் பால் பானத்தையும் புரோபயாட்டிக் உணவையும் பற்றிச் சொல்ல வேண்டுமானால் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். நோயின் பெயர் வாயில் வந்துவிட்டால் அது உணவுப் பேச்சு அல்ல, மருந்துப் பேச்சு. அமெரிக்கச் சட்டம் 'உடலின் இயல்பான இயக்கத்துக்கு உதவும்' என்பதையும் 'நோயைத் தடுக்கும்' என்பதையும் நெடுங்காலமாகவே வேறு வேறு தட்டில் வைத்து நிறுத்துவது. முன்னதற்கு முன்அனுமதி தேவையில்லை, பின்னதற்குத் தேவை. டானன் அந்த இரண்டு தட்டுகளுக்கும் நடுவே நின்றிருந்தது.

இரண்டாவது கூறுதான் இந்த வழக்கின் உயிர்நாடி. எப்போதாவது வரும் மலச்சிக்கலை ஆக்டிவியா போக்கும், குடலில் உணவு மெதுவாக நகர்வதைச் சரிசெய்யும் என்று சொல்ல வேண்டுமானால், அதற்குத் தினமும் மூன்று கிண்ணம் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மூன்றுக்குக் குறைவாகச் சாப்பிட்டாலே பலன் உண்டு என்று சொல்ல விரும்பினால், மனிதர்களிடம் முறையாக நடத்திய இரண்டு மருத்துவ ஆய்வுகளைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

விளம்பரம் தினம் ஒரு கிண்ணம் என்றது. ஒரு கிண்ணம் சுமார் 113 கிராம். மூன்று என்றால் கிட்டத்தட்ட 340 கிராம் இனிப்புத் தயிர், நாள் தவறாமல். வீட்டில் நால்வர் இருந்தால் நாளைக்குப் பன்னிரண்டு கிண்ணம். அதைத் தொலைக்காட்சியில் சொல்லி எந்த நடிகையாலும் விற்க முடியாது.

ஆய்வே பொய் என்று யாரும் சொல்லவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆய்வு ஓர் அளவைச் சொன்னது, லேபிள் வேறோர் அளவை விற்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்த மூன்று மடங்கு இடைவெளிதான் வழக்கு. புரோபயாட்டிக் லேபிள் பற்றிய பேச்சு பெரும்பாலும் 'இது உண்மையா, ஏமாற்றா' என்றே போகிறது. அந்தக் கேள்விக்கு நேரான பதில் கிடையாது. எந்த ரகம், எத்தனை, எதற்காக, எத்தனை நாள் என்று கேட்டால்தான் பதில் வரும்.

நெல் என்று சொன்னால் போதுமா

ரகம் என்ற சொல்லை வேண்டுமென்றே பயன்படுத்துகிறேன். நுண்ணுயிரியல் ஓர் உயிரைப் பேரினம், சிற்றினம், அதற்கும் கீழே ஸ்ட்ரெய்ன் என்று பிரிக்கிறது. நெல் என்று சொன்னால் சீரகச் சம்பாவா, பொன்னியா, மாப்பிள்ளைச் சம்பாவா என்று நம் ஊரில் யாரும் கேட்பார்கள். பிரியாணிக்குச் சீரகச் சம்பா என்றால், பையில் 'நெல்' என்று மட்டும் எழுதியதை யாரும் வாங்கமாட்டார்கள். லாக்டோபாசில்லஸ் என்று மட்டும் எழுதிய லேபிளும் அந்தப் பையைப் போன்றதுதான். ஒரு ரகத்தில் நடந்த ஆய்வின் பலனை அதே சிற்றினத்தைச் சேர்ந்த இன்னொரு ரகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட முடியாது.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு 2001இல் அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் கூடி ஒரு வரையறை கொடுத்தது: போதிய அளவில் உட்கொள்ளும்போது உண்பவருக்கு உடல்நலப் பலன் தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக். 'உயிருள்ள', 'போதிய அளவில்', 'பலன் தரும்' என்ற மூன்று சொற்களும் மூன்று கொக்கிகள். அடுத்த ஆண்டு கனடாவில் கூடிய பணிக்குழு லேபிளில் என்ன இருக்க வேண்டும் என்று எழுதியது. பேரினம், சிற்றினம், ரகம்; பயன்படுத்தும் காலம் முடியும்போது உயிரோடிருக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை; பலன் தரும் அளவுக்கு எவ்வளவு உண்ண வேண்டும் என்ற குறிப்பு; எப்படிச் சேமிப்பது; தகவல் கேட்க யாரைத் தொடர்புகொள்வது. அமெரிக்காவில் ஆக்டிவியா வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பட்டியல் கையில் இருந்தது. பரிந்துரைதானே, சட்டம் அல்லவே என்று சந்தை அதைத் தாண்டிப் போயிற்று.

எண்ணிக்கை விஷயம் இன்னும் சிக்கலானது. பாக்டீரியாவை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. மாதிரியை எடுத்துப் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்று நீர்த்துக்கொண்டே போய், பாக்டீரியா வளர உதவும் அகார் கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி, வெப்பப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் புள்ளி புள்ளியாகக் காலனிகள் முளைக்கும். அந்தப் புள்ளிகளை எண்ணிப் பெருக்கினால் வருவது 'காலனி உருவாக்கும் அலகு', சுருக்கமாகச் சி.எஃப்.யூ. ஒரு புள்ளி ஒரு செல்லிலிருந்தும் முளைத்திருக்கலாம், ஒட்டிக்கிடந்த ஒரு கொத்திலிருந்தும் முளைத்திருக்கலாம். ஐந்தாறு ரகம் கலந்த பொருளில் எந்தப் புள்ளி யாருடையது என்று பிரிப்பது பெரும்பாடு.

எடையை எழுதிவிட்டால் என்ன என்று தோன்றலாம். அமெரிக்காவில் துணை உணவு மாத்திரைகளின் லேபிளில் நெடுங்காலம் மில்லிகிராம்தான் விதி. ஆனால் செத்த பாக்டீரியாவுக்கும் அதே எடைதான். மில்லிகிராமோடு சி.எஃப்.யூ.வையும் எழுதிக்கொள்ளலாம், அதற்காக நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு வரைவு வழிகாட்டியில் சொன்னது 2018இல்தான்.

எந்த நாளில் எண்ணியது என்பதும் உண்டு. ஆலையிலிருந்து புறப்படும்போது இருந்த எண்ணிக்கை வேறு, பயன்படுத்தும் காலத்தின் கடைசி நாளில் மிச்சமிருப்பது வேறு. தயிரின் புளிப்பு கொல்லும், காற்று கொல்லும், சூடு கொல்லும். நல்ல நிறுவனங்கள் சாவதற்கென்றே கூடுதலாகச் சேர்த்துத்தான் அனுப்புகின்றன. 'தயாரிக்கும்போது நூறு கோடி' என்று எழுதிய லேபிள், கல்யாணப் பந்தலில் மொய் எழுதிய நோட்டைக் காட்டிக் கையில் இருக்கும் பணம் என்று சொல்வது போன்றது. மே மாத வெயிலில், மின்கட்டணத்துக்குப் பயந்து இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிட்டுப் போகும் கடையில் அந்தக் கிண்ணம் எப்படிப் பிழைக்கும் என்பதை எந்த லேபிளும் சொல்லாது.

ஐரோப்பா சொல்லையே பிடுங்கியது

அமெரிக்கா வாக்கியத்தைப் பிடித்தது என்றால், ஐரோப்பா சொல்லையே பிடித்தது. 2006ஆம் ஆண்டின் 1924ஆம் எண் ஒழுங்குமுறை, உணவின் மீது எழுதும் ஒவ்வொரு உடல்நல வாக்கியத்துக்கும் முன்அனுமதி வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு வந்த விளக்கக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 'புரோபயாட்டிக் உள்ளது' என்று எழுதினாலே அது உடல்நலப் பலனைச் சொல்வதுதான் என்றது. வரையறையிலேயே 'பலன் தரும்' என்று இருக்கிறதே, அப்படியானால் அந்தச் சொல்லே ஒரு வாக்குறுதி என்பது தர்க்கம். மறுக்க முடியாத தர்க்கம், ஆனால் கொடுமையானது.

விண்ணப்பங்கள் குவிந்தன. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒவ்வொன்றாகத் தள்ளியது. ரகம் சரியாக அடையாளம் காட்டப்படவில்லை, அல்லது காரண விளைவுத் தொடர்பு நிறுவப்படவில்லை என்பவை காரணங்கள். டனோன் 2010 ஏப்ரலில் ஆக்டிவியா, ஆக்டிமெல் விண்ணப்பங்களைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. 2012இல் அனுமதித்த 222 பொது வாக்கியங்களின் பட்டியல் வந்தபோது உயிருள்ள பாக்டீரியாவுக்கென்று தேறியது ஒன்றுதான்: பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காதவர்களுக்கு, தயிரிலுள்ள லாக்டோஸைச் செரிக்க உயிருள்ள தயிர்ப் பாக்டீரியாக்கள் உதவும். நிபந்தனை, ஒரு கிராமில் குறைந்தது பத்துக் கோடி உயிர்கள். கோடிக்கணக்கில் ஆராய்ச்சிக்குச் செலவிட்ட தனி ரகங்கள் எல்லாம் வெளியே நிற்க, சாதாரணத் தயிரை உறைய வைக்கும் பழைய இரண்டு பாக்டீரியாக்கள் உள்ளே போய் உட்கார்ந்தன. எனக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு, மறைப்பானேன்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஆக்டிமெலில் வைட்டமின் பி6, டி சேர்த்தார்கள். அவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் இயல்பான செயல்பாட்டுக்கு உதவும் என்பது அனுமதிக்கப்பட்ட வாக்கியம். ஆக்டிவியாவில் கால்சியம் இருக்கிறது. செரிமான நொதிகளின் இயல்பான செயல்பாட்டுக்குக் கால்சியம் உதவும் என்பதும் அனுமதிக்கப்பட்டது. ஆக, பாக்டீரியா சொல்லக் கூடாததை வைட்டமின் சொல்கிறது, குப்பியின் உருவமும் பெயரும் பழையபடியே இருக்கின்றன. வாங்குபவருக்கு எதனால் எது என்று தெரிய இப்போது வழியே இல்லை. முன்பு மிகைப்படுத்திய உண்மை இருந்த இடத்தில் இப்போது சட்டப்படி சரியான திசைதிருப்பல். கண்டிப்பான விதி எப்போதும் நுகர்வோருக்கு நல்லது என்று நம்புகிறவர்களுக்கு நான் காட்டும் குப்பி இது.

உறுப்பு நாடுகளும் ஒரே தாளத்தில் இல்லை. இத்தாலி தன் சுகாதார அமைச்சின் வழிகாட்டியின்படி, நாளுக்கு நூறு கோடி உயிர்கள் இருந்தால் 'குடல் நுண்ணுயிர்ச் சமநிலைக்கு உதவும்' என்று எழுத விடுகிறது. இத்தாலியிலிருந்து அப்படி எழுதிய பொருள்கள் எல்லை தாண்டி வரும்போது தன் நாட்டு நிறுவனத்தை மட்டும் எப்படித் தடுப்பது என்ற சங்கடத்தில் ஸ்பெயினும் 2020இல் சொல்லைத் திறந்துவிட்டது.

பத்துக் கோடி என்ற கோடு

இந்தியாவுக்கு வருவோம். அமுல் 2007இல் புரோபயாட்டிக் ஐஸ்கிரீம் கொண்டுவந்தது. அதே காலத்தில் யாகுல்ட்டும் இங்கே கடைக்கு வந்தது. 65 மில்லி குப்பியில் 650 கோடி ஷிரோட்டா ரகப் பாக்டீரியா என்று எழுதி விற்கும் பானம். அப்போது இங்கே புரோபயாட்டிக் உணவுக்கென்று தனிச் சட்ட அளவுகோல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. கோர்டோபா வரையறையை அடியொற்றியது. சட்டமாக வந்தது 2016 டிசம்பரில், உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் துணை உணவுகளுக்கும் செயல்பாட்டு உணவுகளுக்கும் வெளியிட்ட ஒழுங்குமுறையில். 2018 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐஸ்கிரீம் முந்தி, விதி பிந்திப் பத்தாண்டு.

விதியின் சாரம் நேரடியானது. ஒரு நாளுக்குப் பரிந்துரைக்கும் அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும் பலன் உண்டு என்று ஆய்வால் காட்டினால் விதிவிலக்கு. லேபிளில் 'புரோபயாட்டிக் உணவு' என்ற சொற்கள் வேண்டும். பேரினமும் சிற்றினமும், ரகத்தின் அடையாளமும் வேண்டும். பயன்படுத்தும் காலத்தின் முடிவில் உயிரோடிருக்கும் எண்ணிக்கை வேண்டும். எவ்வளவு உண்ண வேண்டும் என்பதும் வேண்டும். டானனிடம் இருந்து அமெரிக்கா இரண்டு வழக்குகள் போட்டுப் பிடுங்கியவற்றில் முக்கால்வாசியை இந்த விதி முதல் நாளிலேயே கேட்கிறது. தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த விதியை நான் கண்டதில்லை.

ஓர் இடறல் உண்டு. ஒழுங்குமுறையின் ஏழாவது அட்டவணைக்கு 'புரோபயாட்டிக்காகப் பயன்படுத்தத்தக்க ரகங்களின் பட்டியல்' என்பது போன்ற தலைப்பு. உள்ளே இருப்பவை பெரும்பாலும் சிற்றினப் பெயர்கள். நெல் ரகங்கள் என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே நெல், கம்பு, சோளம் என்று மூட்டை அடுக்கியது மாதிரி. லேபிளில் ரகம் கேட்கும் அதே விதி, அனுமதிக்கும் இடத்தில் சிற்றினத்தோடு நின்றுவிடுகிறது.

போன மாதம் ஒரு பெரிய கடையின் குளிர்பெட்டியிலிருந்து புரோபயாட்டிக் மோர் என்று ஒன்றை எடுத்தேன். முன்பக்கத்தில் சிரிக்கும் வயிறு ஒன்றின் படம், பெரிய எழுத்தில் 'நல்ல பாக்டீரியா'. திருப்பிப் பார்த்தேன். பேரினப் பெயர் இருந்தது, சிற்றினப் பெயர் இருந்தது, எண்ணிக்கையும் இருந்தது. ரகம் இல்லை. அந்த எண்ணிக்கை எந்த நாளைக்குரியது என்றும் இல்லை. கடைப்பையனிடம் கேட்டேன். 'தேதி மூடியில் இருக்கும், சார்' என்றான். அவன் சொன்னதும் சரிதான். அவனுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லித்தரவில்லை.

வீட்டுத் தயிரும் புரோபயாட்டிக்தானே என்று கேட்பவர்களுக்கு வரையறை தரும் பதில் கொஞ்சம் கசக்கும். நேற்றைய உறைமோரில் எந்தெந்த ரகம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உயிருள்ள பாக்டீரியா நிறைந்த நல்ல உணவு என்று சொல்லலாம், புரோபயாட்டிக் என்று லேபிள் ஒட்ட முடியாது. புளித்த மாவின் பெயரால் இட்லிக்கு அந்தப் பட்டம் கட்டுவது இன்னும் தவறு. மாவைப் புளிக்க வைத்த லாக்டிக் பாக்டீரியா ஆவியில் வெந்து செத்துப்போகிறது. பிஸ்கட்டில் புரோபயாட்டிக் என்று எழுதியிருந்தால் மட்டும் அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். பாசில்லஸ் கோயாகுலன்ஸ் போன்றவை வித்துறை என்ற கெட்டிக் கவசத்துக்குள் சுருண்டுகொண்டு அடுப்புச் சூட்டைத் தாங்கக்கூடியவை. ஏழாவது அட்டவணையில் அதற்கும் இடம் உண்டு.

இதற்கிடையே பெயர்ச் சிக்கல் வேறு வடிவில் திரும்பி வந்தது. 2020இல் வகைப்பாட்டியலார் லாக்டோபாசில்லஸ் என்ற பெருங்குடும்பத்தை 25 பேரினங்களாகப் பிரித்தார்கள். அதிலிருந்த சிற்றினங்களில் கேசியும் ரம்னோசஸும் 'லாக்டிகேசிபாசில்லஸ்' ஆயின, பிளான்டாரம் 'லாக்டிபிளான்டிபாசில்லஸ்' ஆயிற்று. உயிர் அதேதான், ரகத்தின் எண்ணும் அதேதான், முன்பெயர் மட்டும் மாறியது. பழைய லேபிளையும் புதிய லேபிளையும் ஒப்பிடும் வாடிக்கையாளர் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டால் குற்றம் சொல்ல முடியாது. இந்த முறை பெயரை மாற்றியவர்கள் விளம்பரக்காரர்கள் அல்ல, விஞ்ஞானிகள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஓர் எண் வேண்டும் என்று விதி கேட்பதன் அருமை இப்போதுதான் தெரிகிறது. ஆதார் எண் மாதிரி, கல்யாணம் ஆகி முன்பெயர் மாறினாலும் எண் மாறாது.

அமெரிக்கா சாதாரணத் தயிருக்கே 2021இல் ஒரு கோடு போட்டது. 'உயிருள்ள பாக்டீரியா உள்ளது' என்று எழுத வேண்டுமானால், தயாரிக்கும்போது ஒரு கிராமில் ஒரு கோடி இருக்க வேண்டும், பயன்படுத்தும் காலம் முழுதும் பத்து லட்சமாவது இருக்கும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்க வேண்டும். சூடாக்கிக் கொன்றுவிட்ட தயிரென்றால் உயிருள்ள பாக்டீரியா இல்லை என்று எழுதியே தீர வேண்டும்.

ஆக்டிவியா இன்றும் அங்கே விற்கிறது, இன்றும் பச்சைக் கிண்ணத்தில். இப்போது அந்த லேபிள் சொல்வதன் பொருள் இது: சரிவிகித உணவு, ஆரோக்கியமான வாழ்க்கை முறை ஆகியவற்றோடு சேர்த்து, நாளுக்கு இருமுறை, இரண்டு வாரம் உண்டால், சிறு சிறு செரிமான அசௌகரியங்கள் வருவது குறையக்கூடும். அசௌகரியம் என்றால் என்ன என்பதையும் கீழே சொல்லியிருக்கிறார்கள். வயிறு உப்புதல், வாயு, அடிவயிற்றில் சங்கடம், கடைசியாக, வயிறு கடமுடவென்று சத்தம் போடுதல்.